அடிமைகள் கட்டிய ஆலயம்!

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாகாணம் இருக்கிறது. அங்கே பிரெய்ரிவில் என்று ஒரு சிற்றூர். கரிசல் மண் நிறைந்த பருத்திச் சீமை அது.

அந்த ஊரில் ஒரு சிறிய கிறிஸ்தவ கோவில் நிற்கிறது. சுவர் மரம். சுவருக்கு முட்டுக் கொடுக்கும் தூண்களும் மரம்! அதன் பெயர் புனித அந்திரேயா ஆலயம்.

இது எப்பிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தது. இங்கிலாந்து திருச்சபையின் வழியில் வந்த சபை இது. அமெரிக்கா சுதந்திரம் அடைந்த பிறகு, 1789-ல் தனிச் சபையாக அமைந்தது. பிஷப்புகளின் மேற்பார்வையில் நடப்பதால் இந்தப் பெயர்.

கட்டியது யார்?

ஆலயம் 1853-54-ல் கட்டப்பட்டது. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய காலம் அது.

ஹென்றி டெய்லோ என்பவர் பெரிய பருத்திப் பண்ணை முதலாளி. அவருடைய அடிமைகளில் இருவர் கைதேர்ந்த தச்சர்கள். ஒருவர் பீட்டர் லீ. மற்றவர் ஜோ கிளாஸ்கோ. இந்த இருவர் தலைமையில்தான் அடிமைகள் ஆலயத்தைக் கட்டினார்கள். கூலி கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது!

கல்லுக்குப் பதில் மரம்

வானளாவிய கூரை, கூர்மையான வளைவுள்ள ஜன்னல்கள். இது "காதிக்" பாணி. ஐரோப்பாவில் இதைக் கல்லில் கட்டினார்கள். பட்டிக்காட்டில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

இதற்கு வழி சொன்னவர் ரிச்சர்டு அப்ஜான். தச்சு வேலையில் தொடங்கிக் கட்டடக் கலை நிபுணரானவர். நியூயார்க்கின் புகழ்பெற்ற டிரினிட்டி ஆலயத்தைக் கட்டியவர். கிராமங்களில் மர ஆலயம் கட்டுவதற்கான வரைபடங்களை 1852-ல் புத்தகமாக வெளியிட்டார். பிரெய்ரிவில் ஆலயமும் அவர் காட்டிய பாணிதான்.

பலகைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். இரு பலகைகள் சேரும் இடுக்கில் மழைநீர் புகாதபடி மெல்லிய சட்டம் அடித்தார்கள். தண்ணீரைத் தடுக்கும் அந்தச் சட்டமே அழகுக் கோடாகவும் அமைந்தது!

உள்ளே மரச் சுவர்கள் தேன் நிறத்தில் இருக்கின்றன. புகையிலைக் காம்பைக் காய்ச்சிப் பூசியதால் வந்த நிறம் என்று சொல்கிறார்கள்.

நிலைத்த பெயர்கள்

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. பண்ணைச் சீமான்களின் செல்வாக்குச் சரிந்தது. ஆலயத்துக்கு வருவோரும் குறைந்தார்கள்.

1973-ல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அந்தக் காலத்தில் அடிமைகள் எத்தனையோ கட்டடங்களைக் கட்டினார்கள். பெரும்பாலும் அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கே இரண்டு பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆலயத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பீட்டர் லீயையும் ஜோ கிளாஸ்கோவையும் சொல்லாமல் இருப்பதில்லை.