பள்ளிக்கூடத்துக்கு ஒரு மனநல ஆலோசகர்: சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் கடலோர கிராம மாணவர்களுக்கு என்ன பயன்?

தூத்துக்குடி:-

பிள்ளைக்கு காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மனசு சரியில்லை என்றால்? "சும்மா நடிக்கான், நாலு போட்டா சரியாப்போகும்" என்று விட்டு விடுகிறோம். இந்த நிலை மாற வேண்டும் என்றுதான் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டு உள்ளது. வேம்பாரில் இருந்து பெரியதாழை வரை உள்ள கடலோர கிராமத்து பெற்றோர் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

உத்தரவு என்ன?

ஆந்திர மாநிலம் விசாகப்பட்டினத்தில் 'நீட்' தேர்வுக்கு படித்த 17 வயது மாணவி 2023-ம் ஆண்டு இறந்து போனார். இந்த வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் 2025-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி 15 நெறிமுறைகளை அறிவித்தனர். தனியாக சட்டம் வரும் வரை இவை நாடு முழுவதும் பொருந்தும்.

அதன்படி 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூக பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். 100 பேருக்கும் குறைவாக படித்தால், வெளியில் உள்ள மனநல நிபுணர்களுடன் முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு 2 முறையாவது பயிற்சி கொடுக்க வேண்டும். உதவி எண்களை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

கடற்கரை பிள்ளைகளின் கஷ்டம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். பிளஸ்-2, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவுகள் வருவதும் இந்த நாட்களில்தான். வீட்டில் வருமானம் இல்லை, வட்டிக்காரர் வாசலில் நிற்பார். மார்க்கும் குறைந்து விட்டால் அந்த பிள்ளை யாரிடம் போய் சொல்லும்? மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பள தொழிலாளி வீட்டிலும் இதே கதைதான்.

2023-ம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. வீடு மூழ்கியதை கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு தண்ணீர் வடிந்தாலும் பயம் சட்டென்று வடிந்து விடாது.

2015-16-ம் ஆண்டில் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கு மனநல பிரச்சினை இருப்பது அதில் தெரியவந்தது. 40 பேர் உள்ள வகுப்பில் 3 பேர் என்று கணக்கு.

வாத்தியார் போதாதா?

பீகார் மாநிலம் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களே ஆலோசனை பணியையும் பார்த்தனர். சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து ஆட்களை நியமித்தனர். 2018-ல் முடிவு வெளியானது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும், ஒருவரை ஒருவர் கேலி செய்து மிரட்டுவதும் குறைந்தன. ஆசிரியரே பார்த்த பள்ளிகளில் சொல்லும்படி மாற்றம் இல்லை. அந்த ஆலோசகர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. பள்ளியிலேயே இருந்தார்கள், காது கொடுத்து கேட்டார்கள். மார்க் போடுற வாத்தியாரிடம் மனசை திறக்க எந்த பிள்ளைக்கும் கூச்சம் இருக்கத்தானே செய்யும்!

தமிழ்நாட்டில் 2013-ம் ஆண்டு நடமாடும் ஆலோசனை மையங்கள் தொடங்கப்பட்டன. மொத்த மாநிலத்துக்கும் 10 வண்டிகள்தான். வண்டி வந்து போன மறுநாள் ஒரு பிள்ளை அழுதால் யார் கேட்பது?

நாங்குநேரியில் 2023-ம் ஆண்டு மாணவர் வெட்டப்பட்ட சம்பவத்துக்கு பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ம் ஆண்டு ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப்பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்று அதில் பரிந்துரைக்கப்பட்டது. சின்ன கிராமத்து பள்ளிகள் இந்த கணக்கில் வராது. அதனால்தான் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன '100 பேர்' கணக்கு கிராமங்களுக்கு முக்கியம்.

பெற்றோர் கவனிக்க...

தூக்கம், சாப்பாடு குறைவது, காலையில் பள்ளிக்கு கிளம்பும்போது மட்டும் வயிற்று வலி, தலைவலி என்பது, தனியாக ஒதுங்குவது, திடீரென்று மார்க் சரிவது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசுவது ஆகியவை அறிகுறிகள். இப்படி பேசினால் அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தனியே விடக்கூடாது. இது கிறுக்கும் இல்லை, பேயும் இல்லை. மந்திரிக்க கூட்டிப்போய் நாளை கடத்தாமல், தூத்துக்குடி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டலாம்.

14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

கூட்டத்தில் கேளுங்க

அரசு பள்ளிகளின் மேலாண்மை குழுவில் பெற்றோர்தான் அதிகம். அடுத்த கூட்டத்தில் 3 கேள்வி கேட்கலாம். நம்ம பள்ளிக்கு ஆலோசகர் யார்? எந்த கிழமை வருவார்? 100 பேருக்கு குறைவு என்றால் எந்த ஆஸ்பத்திரியோடு தொடர்பு? பதில் இல்லை என்றால் தீர்மானம் போட்டு முதன்மை கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். கேட்டால்தான் உத்தரவு காகிதத்தில் இருந்து வகுப்பறைக்கு வரும்.