ஏறவேண்டாம், நடந்தால் போதும்

தேனி மாவட்டத்தைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களே அதிகம். மூணாறு போகிற கூட்டம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஏறிவிடுகிறது. தேக்கடி போகிற கூட்டம் லோயர்கேம்ப்பில் ஒரு டீ குடித்துவிட்டுக் குமுளிக்குக் கிளம்பிவிடுகிறது. மேகமலைக்கென்றே வருகிறவர்கள்கூட வளைவுக்கு வளைவு இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் முன் சின்னமனூர் திரும்பிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் ஒருவர் காலும் படுவதில்லை.

கொஞ்சம் நடக்கலாமே என்றால், "ட்ரெக்கிங்கா? பிள்ளைகளை வச்சுக்கிட்டா?" என்று பதறுகிறார்கள். அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் மலைப்பக்கம் நடப்பதென்றால் உச்சியைத்தான் தொடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கிராமங்களுக்கு விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் பல, பனிச்சிகரத்தின் பக்கமே தலைவைப்பதில்லை. புல்வெளி, ஓடை, மாட்டுக் கொட்டகை என்று ஒன்றிரண்டு மணி நேரம் நடக்கிறார்கள், வழியில் சாப்பிடுகிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். சுவிட்சர்லாந்து மட்டுமே சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறியிட்டுப் பராமரிக்கிறது. அங்குள்ள மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் தூரத்தை எழுதுவதில்லை, நடக்க ஆகும் நேரத்தை எழுதுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு அதுதானே தேவை? நம் பக்கத்தில் பலகைக்குப் பதில் டீக்கடை அண்ணன் இருக்கிறார். எவ்வளவு தூரம் என்றால், "இந்தா, பக்கந்தான்" என்பார். அது அரைக் கிலோமீட்டராகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். அவர் கால் அப்படி.

கம்பம் பள்ளத்தாக்கின் வாகு அடிவார நடைக்கென்றே அமைந்தது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், வடக்கே பழனிமலைத் தொடர். தரை முந்நூறு, நானூறு மீட்டர் உயரத்தில் சமமாகக் கிடக்க, சுற்றிலும் மலை சுவர்போல எழுகிறது. எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் கண்ணுக்கு மலை உண்டு, காலுக்கு ஏற்றம் இல்லை.

என் கணக்கில் முதல் இடம் வாய்க்கால் கரைக்கு. இதற்கு வழிகாட்டியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து குகைப்பாதை வழியாக வரும் தண்ணீர் லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக்கொடுத்துவிட்டு, கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. வழக்கமாக ஜூன் 1 அன்று முதல்போகத்துக்குத் திறப்பார்கள். கம்பம், உத்தமபாளையம் பக்கம் வெள்ளென எழுந்து ஒரு வாய்க்கால் கரையைப் பிடித்து நடந்தால் ஒருபுறம் நெல், மறுபுறம் தென்னை, இரண்டுக்கும் மேலே மலை. முழங்கால் வலிக்காரரும் நடக்கலாம், தள்ளுவண்டிப் பிள்ளையையும் கொண்டுபோகலாம். ஆடியில் போனால் காற்று ஆளைத் தள்ளும்; கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பள்ளத்தாக்குக்குள் அப்படியே இறங்குகிறது. நாற்று நடவு நேரமென்றால் கரையில் வரிசையாக வைத்திருக்கும் தூக்குவாளிகளைப் பிள்ளைகள் எட்டி உதைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இந்தத் தண்ணீருக்குக் காரணமானவரை இங்கே குழந்தைக்கும் தெரியும். 1895இல் அணையை முடித்த பென்னிகுக்குக்கு லோயர்கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்தது ஜனவரி 15. பொங்கலையொட்டி வருவதால் பானை வைத்துப் பொங்கல் இட்டே கொண்டாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் மணிமண்டபத்தையும் கூடலூர் வயலையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

அடுத்தது சுருளி. கம்பத்திலிருந்து 10 கிலோமீட்டர். நேராக அருவிக்கு ஆட்டோ பிடிக்காமல், சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் தடை சொல்லமாட்டார்கள். கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்த பந்தல். கொடி மேலே படர, குலைகள் கீழே தொங்கும். உயரமானவர்கள் குனிந்துதான் நுழையவேண்டும், பிள்ளைகள் நிமிர்ந்தபடியே ஓடுவார்கள். இலைகளில் வெளிர்நீலத் திட்டுகள் தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்தின் தடம் அது. ஆகவே பறித்தவுடன் வாயில் போடவிடாதீர்கள். வீட்டுக்கு வாங்கிவந்து கழுவித் தின்னலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுவடை என்று மாற்றி மாற்றி நடப்பதால் வருடத்தில் எந்த மாதம் போனாலும் எங்காவது பழம் இருக்கும்.

பூதநாராயணர் கோயில் தாண்டி வனத்துறைச் சோதனைச்சாவடி. அங்கிருந்து அருவிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஆற்றை ஒட்டிய நிழல்பாதை, ஏற்றம் மெதுவானது. குரங்குகள்தான் தொல்லை, கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் அது அவர்களுடையது. ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் நடக்க இடமிருக்காது, அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம். வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறை பாதையை அடைத்துவிடும். போகுமுன் கம்பத்திலேயே விசாரிப்பது நல்லது. யானை விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை சொல்லித்தரவேண்டியதில்லை. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்கிற காட்டுயானை கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே நடந்துபோனது. 144 தடை உத்தரவு போட்டார்கள். சுருளி மலையடிவாரத்திலும் சண்முகாநதி அணைப் பக்கமும் சுற்றிய அதை ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

இனிக் குரங்கணி. போடியிலிருந்து முந்தல் வழியாகக் கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகும் சாலை மலைக்குள் சென்று முடிகிற ஊர். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதற்கு முன் தமிழ்நாட்டில் மலையேற்றம் யாரும் யாரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிற நிலையில் இருந்தது. அதே ஆண்டில் விதிகள் வந்தன. பல ஆண்டுகள் பாதைகள் மூடியே கிடந்தன. 2024 அக்டோபரில்தான் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தார்கள். குரங்கணி - சாம்பலாறு அதில் ஒன்று. மேகமலைப் பக்கத்துச் சின்னச்சுருளி - தென்குடியும் பட்டியலில் உண்டு. ஒவ்வொரு பாதையையும் எளிது, நடுத்தரம், கடினம் எனத் தரம் பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களையும் பழங்குடியினரையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். சிறுவர்களுக்கான வயது விதிகளைப் படித்துவிட்டுப் பதியுங்கள். தரத்தில் பொய்க்கணக்குப் போடாதீர்கள், 'கடினம்' என்றால் கடினம்தான். தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடிவிடுவது வழக்கம். அந்த நேரத்தில் "நம்மாளு ஒருத்தர் கூட்டிட்டுப் போவாரு" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். காய்ந்த புல்லில் ஏறும் தீ, மேல்நோக்கி வீசும் காற்றோடு சேர்ந்தால் மனிதன் ஓடும் வேகம் அதற்குப் போதாது.

குரங்கணிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் நடை இன்னும் சுவைக்கும். இந்த மலைப்பாதை ஒருகாலத்தில் மூணாற்றின் வாசல். மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின் ஓடும் ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் ஐந்து கிலோமீட்டர் கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போனது. கேரளத்தில் இன்னும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்களே, கொல்லம் ஆண்டு 1099இல் வந்த அதே வெள்ளம். டாப் ஸ்டேஷன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று மூணாற்றில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஆயிரம் பேரில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? விடை கீழே, நம் பக்கத்தில் கிடக்கிறது.

குதிரைகளைக் குரங்கணியில் பார்க்கலாம். சாலை எட்டாத மலைக்கிராமங்களிலிருந்து காபியும் எலுமிச்சையும் அவற்றின் முதுகில்தான் இறங்குகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் அதே முதுகில் ஏறும். சுமையோடு வரும் குதிரைக்குப் பாதையின் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். சரிவுப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து நீங்கள் ஆற்றில் இருப்பீர்கள். முன்பதிவு எதுவும் இல்லாமல் வந்தவர்கள் காட்டுக்குள் போகவேண்டாம். ஊர்ச்சாலையில் ஆற்றோரமாக நடந்து திரும்பினாலே அரைநாள் இனிதாகப் போய்விடும்.

பெரியகுளத்துக் கும்பக்கரையும் இதே மாதிரி பழைய வாசல்தான். கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருமுன் வெள்ளைக்காரர்கள் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்தே குதிரையிலும் டோலியிலும் மலையேறினார்கள். அவர்களைச் சுமந்தவர்கள் நம் ஆட்கள். அந்தப் பழைய வழியின் பெயரே கூலி காட். இன்றும் வெள்ளகவி மலைக்கிராமத்தார் கும்பக்கரைக்கு இறங்கும் பாதை உண்டு, ஆனால் அது குடும்ப நடைக்கானது அல்ல. அருவியைச் சுற்றிய பாறைகளும் மாந்தோப்புச் சாலையும் போதும். யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று சுழிகளுக்குப் பெயர் வைத்திருப்பது அழகுக்காக அல்ல. ஆழம் பார்க்காமல் குதித்தவர்கள் திரும்பாத இடங்கள். தடுப்புக்கம்பிக்கு உள்ளேயே குளியுங்கள்.

வைகை அணை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1959இல் திறந்த அணை, பூங்கா, சமதளம். தாத்தா பாட்டியை உட்காரவைக்க நல்ல இடம்.

மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து பேருந்து இருக்கிறது. 18 வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள்; பேருந்தில் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. மாலை 6 மணிக்கு மேல் சோதனைச்சாவடி திறக்காது. மேலே ஹைவேவிஸிலிருந்து மணலாறு நோக்கிப் போகும் எஸ்டேட் சாலை, ஏரிநீரைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டம் தனியார் சொத்து, சாலையை விட்டு உள்ளே இறங்கக் கூடாது. காட்டுமாடு நின்றால் நீங்கள்தான் காத்திருக்கவேண்டும். மழைமாதத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்த காடு இது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் சூட்டிய பழந்தின்னி வௌவாலும் இங்கே கண்டெடுத்ததுதான். தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் 1948இல் பிடித்து அனுப்பிய வௌவாலைச் சாதாரண இனம் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் எடுத்துவைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் தோங்லோங்யா பார்த்துத்தான் அது புதிய இனம் என்று தெரிந்தது.

எப்போது வரலாம்? வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் தாண்டி ஓரிரு வாரம் வரை. அருவியில் தண்ணீர் இருக்கும், காட்டில் பச்சை இருக்கும், தீப்பயம் இருக்காது. மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்த நிறுத்திய மதுரை ரயில் 2022 மேயில் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்ப வந்துவிட்டதால் கார் இல்லாதவர்களும் வரலாம். கட்டுச்சோறு கொண்டுவந்தால் இலையில் கட்டுங்கள். பிளாஸ்டிக்கைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

எளிய நடை எல்லாம் பழகிய பிறகு ஒரு நாள் மிச்சமிருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மங்கலதேவி கண்ணகி கோயிலைத் திறக்கிறார்கள். தேனி, இடுக்கி நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப் போகிறது. நம் பக்கம் லோயர்கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறரைக் கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம். இதை எளிது என்று சொன்னால் நானும் டீக்கடை அண்ணன் கட்சியில் சேர்ந்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகலாம். காலை 6 மணிக்கு விடத் தொடங்குவார்கள், பிற்பகலில் ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள். வெயிலுக்கு முன் முதல் ஆளாக நிற்கவேண்டும் என்றால் முதல்நாள் இரவே கூடலூரிலோ கம்பத்திலோ தங்கிவிடுங்கள்.