வெயில் எழுதும் வயது

பிளாச்சிமடை குடிநீர்ப் போராட்டத்தால் 2002இல் நாடறிந்த ஊராட்சி பெருமாட்டி. பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலுள்ள மழை குறைந்த பூமி. வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகல் முழுவதும் வெயில், கூடவே கணவாய்க் காற்று. கண்ணைச் சுருக்கிக்கொண்டேதான் வேலை. முகத்தில் முதலில் சுருக்கம் விழுவதும் கண்ணோரத்தில்தான்.

கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது. எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. சிரித்தாலும் கண் கூசினாலும் அடியிலுள்ள வட்டத் தசை தோலை மடிக்கிறது. இளமையில் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் அந்த மடிப்பை நிமிர்த்திவிடும். வயது ஏற ஏற இழைகள் நலிகின்றன. மடிப்பு கோடாகத் தங்கிவிடுகிறது.

இதை முன்கூட்டியே வரவழைப்பது வெயில். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 69 வயது லாரி ஓட்டுநரின் படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் ஜன்னலோரம் இருந்த இடப்பக்க முகத்தில் மட்டும் ஆழமான சுருக்கங்கள்! கண்ணாடியையும் ஊடுருவும் புற ஊதா ஏ கதிர்களின் வேலை அது. கறுத்த தோலிலுள்ள மெலனின் ஓரளவு காக்கும், முழுமையாக அல்ல.

கண்ணோரக் கோடுகளுக்கு போடாக்ஸ் ஊசி போட அமெரிக்கா 2013இல் அனுமதித்தது. பலன் சில மாதங்களுக்கே. கூலித் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நண்பகலில் நிழல் - இவைதான் கைக்கெட்டும் காப்பு. கடுங்கோடையில் கேரளத் தொழிலாளர் துறை வெளிவேலைக்கு நண்பகல் ஓய்வை அறிவிப்பதும் உண்டு.

சுருக்கம் நோயல்ல. ஆனால் புற ஊதாக் கதிர்கள் கண்புரைக்கும் வழிவகுக்கும். நிழல் தேடுவது அழகுக்காக மட்டுமல்ல, பார்வைக்காகவும்தான்.