கத்தி வேண்டாம்... சூடு போதும்! கல்லீரல் கட்டிக்கு லேசர்

"ஈரல்ல கட்டி இருக்கு. ஆனா, ஆபரேஷன் பண்ண முடியாது!" டாக்டர் இப்படிச் சொன்னால் குடும்பமே ஆடிப்போய்விடும். ஆனால், ஆபரேஷன் முடியாது என்றால் வைத்தியமே கிடையாது என்று அர்த்தமில்லை. சில கட்டிகளை இருந்த இடத்திலேயே வேகவைத்து அழித்துவிடலாம்.

ஏன் வெட்ட முடிவதில்லை?

வெட்டினாலும் மறுபடி வளரக்கூடிய உறுப்புதான் கல்லீரல். ஆனால், மிச்சமிருக்கும் பகுதி உடம்பைத் தாங்கவேண்டுமே! இரண்டு பக்கமும் கட்டிகள் இருந்தாலோ, 'சிரோஸிஸ்' வந்து ஈரல் சுருங்கியிருந்தாலோ தாங்காது. பெருங்குடல் கேன்சர்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. கூடவே கேன்சர் செல்களும் போய் அங்கே குடியேறிவிடும்.

லேசர் என்ன செய்கிறது?

மெல்லிய கண்ணாடி இழை வழியாக லேசரைக் கட்டிக்குள்ளேயே செலுத்தலாம் என்று 1983-ல் எழுதினார் லண்டன் டாக்டர் ஸ்டீபன் பௌன். 1990-களில் ஜெர்மனியின் டாக்டர் தாமஸ் ஃபோகல் குழுவினர் இதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு இணைத்தார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு, தோல் வழியாக மெல்லிய குழாயைக் கட்டிவரை கொண்டுபோகிறார்கள். அதற்குள் இழை. லேசர் ஒளி திசுவில் பட்டதும் வெப்பமாகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் செல்லின் புரதம் உறைந்துவிடும். முட்டை வெந்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அதே கதைதான். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகுமா?

எம்.ஆர்.ஐ. காந்தத்தின் பக்கத்தில் இரும்பு போகக்கூடாது. கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லையில்லை. எனவே, சூடு எதுவரை பரவுகிறது என்பதைத் திரையில் பார்த்தபடியே சுடலாம். ஓரத்தில் ஒளிந்திருக்கும் செல் மறுபடி முளைக்கக்கூடாது என்பதற்காக, சுற்றியுள்ள நல்ல திசுவிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர்வரை சேர்த்தே சுடுவார்கள்.

எல்லோருக்குமா?

இல்லை. 5 செ.மீ.க்கு உட்பட்ட, ஐந்துக்கு மேற்படாத கட்டிகளையே ஜெர்மன் குழுவினர் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய ரத்தக்குழாயை ஒட்டி கட்டி இருந்தால், ஓடுகிற ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்; கட்டி அரைவேக்காடாக நின்றுவிடும். பித்தக்குழாய், குடல் அருகே இருந்தாலும் ஆபத்து. சிகிச்சைக்குப் பின் வலி, காய்ச்சல் வரலாம். அபூர்வமாக ரத்தக்கசிவு, சீழ்க்கட்டியும் உண்டு.

இன்று லேசரின் இடத்தைப் பெரும்பாலும் ரேடியோ அலை, மைக்ரோவேவ் ஊசிகள் பிடித்துவிட்டன. நம்மூர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். கருவி மாறினாலும் தத்துவம் அதே சூடுதான். 3 செ.மீ.க்குள் இருந்தால் பலன் அதிகம்.

சின்னக் கட்டி வலிக்காது. அதனால், 'வலி வரட்டும், பார்க்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். சிரோஸிஸ் உள்ளவர்களும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் டாக்டர் சொல்பவர்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பெருங்குடல் கேன்சர் ஆபரேஷன் ஆனவர்கள், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று செக்-அப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஈரலில் கட்டி என்று தெரிந்தால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், இதைச் சுட்டு அழிக்க முடியுமா?"