லாபம் உயர்ந்த மறுநாள் பங்கு சரிந்தது ஏன்?

2020 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் இரண்டாம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. வருவாய் 1,970 கோடி டாலர். முந்தைய ஆண்டின் இதே காலாண்டைவிட 20 சதவீதம் கூடுதல். லாபமும் எதிர்பார்ப்பைத் தாண்டியது. ஆனால் மறுநாள் பங்கு விலை சுமார் 16 சதவீதம் விழுந்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்ததுதான் காரணம். 7 நானோமீட்டர் சில்லு உற்பத்தித் தொழில்நுட்பத்தில் 'யீல்டு' நிறுவனத்தின் சொந்த இலக்குக்கு ஏறத்தாழ 12 மாதம் பின்தங்கிவிட்டது, அந்தச் சில்லுகள் சந்தைக்கு வர சுமார் 6 மாதம் தாமதமாகும் என்று நிறுவனமே சொல்லியிருந்தது.

ஒரு வேஃபரில், அதாவது மெல்லிய சிலிக்கான் தகட்டில், உருவாகும் சில்லுகளில் எத்தனை சதவீதம் சோதனையில் தேறுகின்றன என்பதே யீல்டு. எத்தனை தேறினாலும் வேஃபருக்கு ஆகும் செலவு ஒன்றுதான். கணக்குக்காக, வேஃபர் செலவு 10 லட்சம் ரூபாய், அதில் 500 சில்லுகள் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் தேறினால் ஒரு சில்லின் அடக்கவிலை 2,500 ரூபாய். 40 சதவீதமே தேறினால் 5,000. போட்டி மிகுந்த சந்தையில் விலையை ஏற்றவும் முடியாது. லாபத்தில்தான் கை வைக்க வேண்டும். கையில் ஆர்டர் இருந்தும் கொடுக்கச் சரக்கு இல்லாமல் போவது அடுத்த அடி. புதிய தொழில்நுட்பத்தில் தொடக்க யீல்டு குறைவாக இருப்பது இயல்புதான். அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், யீல்டு எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியில் சொல்வதில்லை. மொத்த லாப விகிதம் சரிவது, கையிருப்பின் மதிப்பைக் குறைத்து எழுதுவது, அறிமுகத் தேதி நழுவுவது ஆகியவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். "திட்டமிட்டபடி முன்னேறுகிறோம்" என்ற வாசகத்துக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை.

முதலீட்டாளருக்குச் சட்டம் என்ன தருகிறது? அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் காலாண்டு, ஆண்டு அறிக்கைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். முக்கியத் தகவலைப் பெரிய முதலீட்டாளர்களின் காதில் மட்டும் போடுவதை 2000-இல் வந்த விதி தடுக்கிறது. ஆனால் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனங்களுக்கும் ஒரு கேடயம் தந்திருக்கிறது. தக்க எச்சரிக்கையோடு சொன்ன எதிர்கால மதிப்பீடு பொய்த்துப்போனால், அதற்காக மட்டும் இழப்பீடு வாங்க முடியாது. நடப்பு நிலையைப் பற்றித் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்றால் கதை வேறு. முதலீட்டாளர்கள் கூட்டாக வழக்குத் தொடரலாம், ஆணையத்திடம் புகாரும் தரலாம். ஆனால் அந்தப் பொய்யை நிரூபிப்பது எளிதல்ல, வழக்கும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

ஆகவே சில்லு நிறுவனப் பங்கு வாங்குமுன் ஆண்டறிக்கையில் 'அபாயக் காரணிகள்' பகுதியைத் தேடி, உற்பத்தி பற்றிய பத்திகளைப் படியுங்கள். சென்ற ஆண்டு அறிக்கையோடு ஒப்பிட்டு, எந்த வாசகம் மாறியிருக்கிறது என்று பாருங்கள்.