பால் மறக்கும் பதினான்கு நாள்

பன்றிப் பண்ணையில் கழிச்சல் எப்போது வரும் என்று ஏறக்குறைய நாள் குறித்தே சொல்லிவிடலாம். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரம்தான் அது.

காட்டுப் பன்றியின் குட்டி மூன்று, நான்கு மாதம்வரை பால் குடிக்கும். பண்ணைக் குட்டிக்கோ மூன்று, நான்கு வாரத்திலேயே பால் நின்றுவிடுகிறது. தாய் இல்லை, தீவனம் புதிது, கொட்டிலில் இருப்பவை அறிமுகமில்லாத குட்டிகள். மிரண்ட குட்டி முதலில் பட்டினி கிடக்கும், பிறகு பசி தாங்காமல் அளவுக்கு மீறித் தின்னும். செரிக்காமல் தங்கும் புரதத்தில் ஈ.கோலை பாக்டீரியா பெருகுகிறது. அதில் சில வகைகள் மெல்லிய இழைகளால் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சைச் சுரக்கின்றன. நஞ்சு பட்ட குடல், உடலின் நீரையும் உப்பையும் வெளியே கொட்டிவிடும். குட்டியைச் சாகடிப்பது பெரும்பாலும் இந்த நீரிழப்புதான். அதனால் மருந்து வரும்வரை காத்திராமல் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்க வைக்க வேண்டும்.

நெடுங்காலம் பண்ணைகள் தீவனத்திலேயே மருந்தைக் கலந்து சமாளித்தன. அதன் விலை 2015-ல் தெரிந்தது. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தை முறியடிக்கும் மரபணு, சீனப் பன்றிகளின் ஈ.கோலையில் சிக்கியது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. 2019-ல் இந்தியா கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டினைத் தடை செய்தது. மிகச் சரியான முடிவு. கழிச்சலைத் தடுக்க டன் தீவனத்துக்குச் சுமார் மூன்று கிலோ துத்தநாக ஆக்சைடு கலக்கும் வழக்கத்தையும், மண்ணில் துத்தநாகம் சேர்வதால், 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் தருவதை டென்மார்க் 2000-க்குள் கைவிட்டபோது குட்டிகளின் கழிச்சல் கூடத்தான் செய்தது. பண்ணையாளர்கள் வளர்ப்பு முறையை மாற்ற வேண்டியிருந்தது. பிரிக்கும் வயதைத் தள்ளிப்போடுவது, புரதத்தைக் குறைப்பது, ஒரு தொகுதி வெளியேறியதும் கொட்டிலைக் கழுவி உலரவிட்டு அடுத்ததை ஏற்றுவது எல்லாம் பலன் தரும். கழிச்சல் தரும் ஈ.கோலை பற்றிக்கொள்ள இடம் தராத குடல், சில பன்றிகளுக்குப் பிறவியிலேயே உண்டு. அவற்றைத் தேர்ந்து இனம் பெருக்குகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முந்தியது சீம்பால். கருவிலிருக்கும் குட்டிக்குத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள் போய்ச் சேராது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால்தான் அதைக் கொடுக்கிறது.

வளர்ந்த பன்றி ரத்தமும் சளியுமாகக் கழிந்தால் காரணம் வேறு கிருமியாக இருக்கலாம், மருந்தும் மாறும். ஊகித்து மருந்து வாங்காமல், கழிவு மாதிரியோடு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.