திரைக்குள் எதிரிகள் – 9: முதுகு காட்டும் கல்

வாம்ப், நின்டென்டோ நிறுவனத்தின் மரியோ ஆட்டங்களில் வரும் கல் எதிரி. செங்குத்தாக நிமிர்த்தி வைத்த தடித்த பலகைக்கல்லுக்குக் கண்ணும் வாயும் வைத்து, கட்டையான கைகால்களை ஒட்டியது போன்ற உருவம். 1996 ஜூனில் நின்டென்டோ 64 கருவியோடு ஜப்பானில் வெளியான ‘சூப்பர் மரியோ 64’இல் இது அறிமுகமானது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் உலகத்துக்கே வாம்ப் கோட்டை என்றுதான் பெயர்.

இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. பெயர் துவாம்ப். 1988இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’இன் கோட்டைகளுக்குள் உயரத்தில் காத்திருந்து, மரியோ நெருங்கியதும் தொம்மென்று விழும். அதன் தலையில் குதித்தால் அடிபடுவது மரியோதான். நெருப்புருண்டையும் அதனிடம் பலிக்காது. சுத்தியல் எறியும் அரிய உடை கிடைத்தால் அடித்து வீழ்த்தலாம். அது இல்லாதவர்கள், விழுந்த கல் மெல்ல மேலேறும் இடைவெளியில் ஓடிக் கடக்க வேண்டியதுதான்.

தட்டையான திரைக்கு மேலிருந்து கீழே விழும் கல் போதுமானதாக இருந்தது. முப்பரிமாண ஆட்டத்தில் முன், பின் என்ற ஆழமும் சேர்ந்துகொண்டது. வாம்ப் அந்த ஆழத்துக்கென்றே செய்த எதிரி. துவாம்ப் மேலேயிருந்து விழும்; வாம்ப் நின்ற இடத்திலேயே குப்புறச் சாயும்.

குறுகலான பாதையில் அது முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கும். மரியோ எதிரே வந்தால் நின்று, லேசாகத் துள்ளி, அப்படியே முன்பக்கமாக விழும். அடியில் அகப்பட்டால் மரியோ அப்பளமாகத் தட்டையாகி, உயிர்ப்பலமும் குறையும். நேருக்கு நேர் நின்று வாம்பை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் விழுந்தபின் சற்று நேரம் எழாமல் கிடக்கும். அப்போது பிளாஸ்திரி ஒட்டிய அதன் முதுகு வானம் பார்த்திருக்கும். அதன்மேல் ஏறி, எம்பிக் குதித்து, உட்கார்ந்த வாக்கில் மொத்தென்று இறங்கினால் கல் சிதறி நாணயங்கள் தெறிக்கும். ஆட்டக்காரர்கள் ‘கிரவுண்ட் பவுண்ட்’ என்று சொல்லும் அடி இது. விழுவதுதான் அதன் ஒரே ஆயுதம், விழுந்தால்தான் அதன் முதுகு கிடைக்கும். ஆட்டக்காரர் கற்க வேண்டியது பயமில்லாமல் அருகே போய் அதை விழவைத்து, தக்க நேரத்தில் விலகுவதை மட்டுமே. சிக்கனமான, கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு.

கோட்டையின் உச்சியில் இருப்பவர் வாம்ப் ராஜா. உருவத்தில் பெரியவர், தந்திரத்தில் மற்றவற்றைப் போலவே. முதுகில் மூன்று அடி விழுந்தால் கதை முடிந்தது. சண்டைக்கு முன் அவர் ஒரு குறை சொல்கிறார்: வீடும் கோட்டையும் எழும்பக் கல்லாக இருந்தது நாங்கள், சாலையில் பாவப்பட்டதும் நாங்கள், ஆனாலும் எங்களை மிதித்துத்தானே போகிறீர்கள், ஒரு நன்றி உண்டா என்கிறார். அதற்கு மரியோ தரும் பதிலும் மிதிதான். நியாயம் ராஜாவின் பக்கம் என்று தோன்றாமல் போகாது. அவர் தோற்றபின் அந்த உலகத்துக்குத் திரும்பினால், அவர் நின்ற உச்சியில் ஒரு கோபுரம் எழுந்திருக்கும்.

2010இல் வந்த ‘சூப்பர் மரியோ கேலக்ஸி 2’இல் இதே கோட்டை மறுபடி கட்டப்பட்டது. அங்கே ராஜா தனியாக இல்லை. குட்டிக் கற்களும் அவரோடு களமிறங்குகின்றன.

(தொடரும்)